பொங்காத போத்தல்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

ஊத்துமலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் டெலிபோன் அலறியது.

1998, மார்ச் மாதம். காலை பத்து மணி. அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளின் மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. சுள்ளென்ற வெயில்.

டிஸ்பென்சர் சின்னராசா திடுக்கிட்டார். மடியிலிருந்த மர்ம நாவல் நழுவித் தரையில் விழுந்தது.

எழுபத்தொன்பதாம் பக்கம்! கோடீஸ்வரரைக் கொன்றவன் யாரென்று தெரிய இன்னும் பத்தே பக்கம்! இந்த நேரம் பார்த்தா போன் வர வேண்டும்?

"ஹலோ..."

"ஊத்துமலை டிஸ்பென்சரியோ? நான் நுவரெலியா ஆஸ்பத்திரியிலயிருந்து டொக்டர் மயூரதன் கதைக்கிறன். நேற்று நீர் ஒரு கால் அனுப்பினனீர்."

"காலா...?"

"காலோட ஆளும் வந்தது. அழகுமுத்து எண்டு பேர்."

சின்னராசாவுக்கு ஆள் ஞாபகம் வந்தது. அழகுமுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பத்து நாளைக்கு முன் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. தினமும் வந்து மருந்து கட்டினான். நேற்று கால் வீங்கி, காய்ச்சலில் உளறவே, தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பினார். கழுவுகிற மருந்தையும் ஒரு போத்தல் கூடவே கொடுத்தனுப்பினார்.

"புண்ணை என்னத்தால கழுவினனீர்?"

"ஹைட்ரஜன் பெரொக்சைட் சார்! காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. ஒரு நாள் தவறல்ல!"

"நுரைச்சதோ?"

"மொத நாளு... லேசா நுரைச்சிச்சு சார். அப்புறம் நின்னுருச்சு. புண்ணு சுத்தமாயிருச்சு, அதான் நுரைக்கல்லன்னு அவன்கிட்ட சொன்னேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஐசே... உம்மட போத்தலை நான் சீழ் பிடிச்ச புண்ணில ஊத்திப் பாத்தன். ஒரு குமிழ் வரேல்லை! அதுக்குள்ள இருக்கிறது பச்சைத் தண்ணி!"

"தண்ணியா...?!"

"தண்ணிதான்! கால் தப்புமோ எண்டு நாளைக்குக் காலமை சொல்லுறன். அதுக்கிடையில உங்க என்ன நடக்குதெண்டு பாரும்."

டக்.

சின்னராசா ரிசீவரை வைத்தார். பாவம் அழகுமுத்து என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார், இரண்டு வினாடி.

மூன்றாவது வினாடியில் அவருடைய உடம்பு புல்லரித்தது!

மருந்து இருந்த இடத்தில் தண்ணீர். அப்படியென்றால்... யாரோ மருந்தைத் திருடிவிட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறான்!

திருட்டு! மர்மம்! அதுவும் இவருடைய டிஸ்பென்சரியில்!

இருபது வருடமாக மர்ம நாவல் படிக்கிற மனிதர் அவர். இதுவரை நானூறுக்குக் குறையாமல் படித்தாயிற்று. இத்தனை வருடத்தில் அவரைத் தேடி ஒரு பிணமாவது வந்ததா? தலையிடி வந்தது. பூச்சி மருந்து கேட்டு வந்தார்கள். அட்டை கடித்துவிட்டது என்று வந்தார்கள். இன்றைக்குத்தான் ஆண்டவன் கண் திறந்தான்.

சின்னராசா மெதுவாகத் திரும்பி மருந்துகளைப் பார்த்தார்.

கிழக்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். அதை ஒட்டிக் கண்ணாடித் தட்டு. தட்டில் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்கள், வரிசையாக. ஒவ்வொன்றிலும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் பெயர். நடுவில் 'சிறந்த டிஸ்பென்சரி' என்று பொறித்த கேடயம்.

தைப்பொங்கலுக்கு முன்பு இப்படியா இருந்தது? ஜன்னலில் தகரம் அடித்திருந்தது. மருந்தெல்லாம் அழுக்குப் பிரவுண் போத்தல்களில், இருட்டு அலுமாரிக்குள் கிடந்தன. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தெரிந்ததும் சின்னராசா தகரத்தைக் கழற்றினார், கண்ணாடி போட்டார், மருந்தையெல்லாம் பளிச்சென்ற போத்தல்களில் மாற்றினார். வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். கேடயம் வந்தது!

அந்த அழகின் மேல் ஒருவன் கை வைத்துவிட்டான். விடுவாரா சின்னராசா?

போத்தல்களின் மேல் போரிக் பவுடரைத் தூவிக் கைரேகை தேடினார். கிடைத்தது ஒன்பது தும்மல்.

"என்னங்கய்யா, தடிமன் புடிச்சிருச்சா?"

வாசலில் விளக்குமாறோடு நாகலெட்சுமி. டிஸ்பென்சரியைக் கூட்டுவது, ஊசி அவிப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவள்தான். புருஷன் செத்து ஆறு வருடம். தோட்டத்து வேலையும், அந்த வேலையால் லயத்து வரிசை வீடுகளில் கிடைத்த ஓர் அறைக் காம்பிராவும்தான் அவளுக்கு இருந்த சொத்து.

"தடிமன் இல்ல நாகலெட்சுமி... களவு!"

"களவா? இங்க என்னங்கய்யா இருக்கு களவாங்க?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நேரே தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆபீசுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் செய்த முதல் முட்டாள்தனம் அது.

பெரிய துரை சிங்களவர். தமிழை வெட்டி வெட்டிப் பேசுவார். சின்னராசா கையைக் காலை ஆட்டிச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டிஸ்பென்சரி சாவி எத்தன?"

"ரெண்டு துரை."

"யாருகிட்ட?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு நாக..."

சின்னராசாவின் வாய் பாதியில் நின்றது. அவ்வளவு தூரம் அவர் யோசிக்கவே இல்லை!

"ஹரி, சரி," என்றார் துரை. "அப்ப கள்ளி அவதான்."

"ஐயோ, இல்லீங்க துரை! அவ அப்பிடிப்பட்டவ இல்ல!"

"அப்ப வேற கள்ளன காட்டு. நாளைக்குக் காலைல பெரட்டுல எனக்கு ஆள் வேணும். இல்லன்னா பொலிசுக்கு அவள குடுப்பேன். வேலையும் இல்ல, காம்பிராவும் இல்ல."

சின்னராசா திரும்பி நடந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

நாகலெட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"நான் எடுக்கலீங்கய்யா."

"எனக்குத் தெரியும்! நாளைக்கு எல்லாருக்கும் தெரிய வச்சிர்றேன். எடுத்தவன் மறுபடி வருவான். வந்தா மாட்டுவான்!"

"எப்பிடிங்கய்யா?"

சின்னராசா அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கறுப்புத் தாளால் சுற்றிய போத்தல்.

"சில்வர் நைட்ரேட்! மரு சுடுற மருந்து. இப்ப பாத்தா தண்ணி மாதிரி இருக்கும். கையில பட்டு, அந்தக் கையில வெளிச்சம் பட்டுச்சுன்னா... கன்னங்கரேல்னு கறுத்துரும்! சவுக்காரம் போட்டாலும் போகாது!"

"அதுக்குத்தான் கறுப்புத் தாள் சுத்தியிருக்காங்களாங்கய்யா?"

"அதேதான்! வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுரும்ல!"

எவ்வளவு அழகாக விளக்கினார்! அதைச் சொல்லும்போது அவருடைய முதுகுக்குப் பின்னால், ஜன்னல் வழியே, வெயில் அத்தனை போத்தல்கள் மேலும் விழுந்துகொண்டிருந்தது. மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயந்தரம் பூட்டுகிற நேரம், கதவுக் கைப்பிடி, அலுமாரிக் கொண்டி, போத்தல் கழுத்து... எல்லா இடத்திலும் பஞ்சால் மருந்தைத் தடவினார். நடுவில் மூக்கு அரித்தது. சொறிந்துகொண்டார்.

"ஐயா... ஒண்ணு சொல்லட்டுங்களா? நம்ம தோட்டத்துச் சனத்துக்கு கையி எல்லாம்..."

"உஷ்! துப்பறியயில குறுக்க பேசாத!"

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை ஏழு மணி.

பெரட்டுக்களம். வேலைக்குப் பேர் கொடுக்க நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். கொழுந்துக் கூடைகள் முதுகில். முன்னால் துரை. பக்கத்தில் வேலையை மேற்பார்க்கிற சிவனு கங்காணி. ஒரு ஓரத்தில், தனியாக, நாகலெட்சுமி.

சின்னராசா நடுவில் வந்து நின்றார். இந்தக் காட்சியை அவர் எத்தனை நாவலில் படித்திருக்கிறார்! சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி... மெதுவாக நடந்து... குரலை இறக்கி...

"உங்கள்ல ஒருத்தரு குற்றவாளி."

"பேரக் குடுத்துட்டு மலைக்குப் போவணும், சட்டுனு சொல்லுங்கய்யா!" என்றது ஒரு குரல்.

"எல்லாரும் கைய நீட்டுங்க! யாரு விரல் கறுப்பா இருக்கோ... அவன்தான் கள்ளன்!"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேரும் கையை நீட்டினார்கள்.

அத்தனையும் கறுப்பு!

விரல் நுனி, நகக்கண், உள்ளங்கை ரேகை எல்லாமே கறுப்பு! வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிச் சாயம் ஏறிய கைகள். இருநூற்று இருபத்து நான்கு கைகள்!

சின்னராசா வரிசையைக் கடைசி வரைக்கும் பார்த்தார். இருபது வருடம் இந்தக் கைகளில்தான் மாத்திரை வைத்திருக்கிறார். ஒரு நாளாவது பார்த்திருந்தால்தானே!

முன்வரிசையில் நின்ற மீனம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"ஐயா, கறுக்காத கையி வேணும்னா பங்களாப் பக்கமா தேடுங்க!"

பெரட்டுக்களம் குலுங்கிச் சிரித்தது. துரை தன் இரண்டு கைகளையும் மெல்லக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அதோட ஐயா..." மீனம்மா விடவில்லை. "ஒங்க மூக்கு என்னாங்க அப்பிடி இருக்கு?"

சின்னராசா தன் கையைப் பார்த்தார். ஐந்து விரலும் கன்னங்கரேல்! மூக்கைத் தொட்டார். மறுபடியும் சிரிப்பு கிளம்பியது.

ஆக, தோட்டம் முழுக்கச் சில்வர் நைட்ரேட்டில் வசமாக மாட்டிய ஒரே ஆசாமி, பொறி வைத்தவர்தான்.

"போதும்!" துரை கத்தினார். "சிவனு! போ. அவ காம்பிராவ பாரு."

துரையும் சின்னராசாவும் நாகலெட்சுமியும் டிஸ்பென்சரியில் காத்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் சிவனு கங்காணி மூச்சு வாங்க அங்கே ஓடி வந்தார். ஒரு கையில் பிரவுண் போத்தல். மற்றக் கையில் இரத்தம்.

"தொர! தகரப் பொட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தா தொர! பொட்டித் தகரம் கைய கீறிருச்சு!"

சின்னராசா போத்தலை வாங்கிப் பார்த்தார். ஹைட்ரஜன் பெரொக்சைட்! கால்வாசி இருந்தது.

மூடியைத் திறந்து கங்காணியின் காயத்தில் நாலு சொட்டு விட்டார்.

புஸ்ஸ்ஸ்...!

வெள்ளை நுரை பொங்கியது!

ஜன்னலோரப் போத்தலை எடுத்து அதிலிருந்தும் நாலு சொட்டு விட்டார்.

ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீர்.

"அவ்வளவுதான்!" துரை மேசையில் தட்டினார். "நல்ல மருந்து அவ வீட்டுல. தண்ணி இங்க. இனி என்ன கதை? பொலிசுக்கு ஆள் அனுப்பியாச்சு. ஜீப் வருது."

நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"ஐயா! நீங்கதானே தந்தீங்க! பொங்கலுக்கு மொத மருந்தெல்லாம் வெள்ளப் போத்தல்ல ஊத்துனீங்களே... 'இந்த அழுக்குப் போத்தலையெல்லாம் கொண்டு போய் சாக்கடைக் காண்ல போடு'ன்னு சொன்னீங்களே! நல்ல போத்தலாச்சேன்னு எண்ணெ ஊத்த எடுத்துக்கிட்டுப் போனேன். ஒண்ணுல மட்டும் மருந்து மிச்சமிருந்துச்சு. லயத்துப் புள்ளைங்க விழுந்து எந்திரிச்சா போடலாம்னு பொட்டிக்கு அடியில வச்சேன்!"

சின்னராசாவுக்கு ஞாபகம் வந்தது. சொன்னது உண்மைதான். ஆனால், அதே மருந்து... அதே நாளில் வந்த அதே மருந்து... அங்கே பொங்குகிறது, இங்கே ஏன் பொங்கவில்லை?

ட்ரிங்... ட்ரிங்...!

ரிசீவரை எடுத்தார்.

"மயூரதன் கதைக்கிறன். கால் தப்பீட்டுது, ஐசே! நல்ல மருந்து போட்டு, ஊசியும் போட்டிருக்கு. ஒரு மாசத்தில நடப்பான்."

"தெய்வமே...!"

"பொறும். இரவு முழுக்க உம்மட போத்தலைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன். எனக்கு அனுப்பினது வெள்ளைப் போத்தல். உது கொம்பனியிலயிருந்து பிரவுண் போத்தலிலதானே வாறது?"

"ஆமா சார்... நான்தான் மாத்தி ஊத்துனேன். பாக்க அழகா இருக்கட்டுமேன்னு..."

"எங்க வைச்சிருந்தனீர்?"

சின்னராசாவின் குரல் இறங்கியது. "ஜன்னல்ல."

"வெயில் படுமோ?"

"காலைல ஆறரைலருந்து... பன்னெண்டு மணி வரைக்கும்."

"கடவுளே! வெளிச்சம் பட்டா உந்த மருந்து உடையும், ஐசே! ஒட்சிசன் வாயு பறந்து போகும், மிச்சம் தண்ணி! அதுக்காகத்தானே கறுத்த போத்தலில அடைக்கிறது! வேற என்ன அதில அடுக்கி வைச்சிருக்கிறீர்?"

"நெருப்புச் சுட்டதுக்குப் போடுற வெள்ளக் களிம்பு... அது இப்ப சாம்பல் கலராயிருச்சு சார். தூசின்னு நெனச்சேன்."

"எறியும்! எல்லாத்தையும் எறியும்! நிறம் மாறின களிம்பை ஒருத்தருக்கும் பூசாதையும். சிலது வேலை செய்யாமப் போகும், சிலது தோலை எரிச்சு இன்னும் புண்ணாக்கும். விளங்குதோ?"

"வெளங்குது சார்..."

டக்.

விளங்கிவிட்டது. அச்சாகப் படம் போட்டது போல விளங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டவர் யார்? போத்தலை மாற்றியவர் யார்? நுரை நின்றபோது 'புண்ணு சுத்தமாயிருச்சு' என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி யார்?

"என்னவாம்?" என்று கேட்டார் துரை.

சின்னராசா ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். டொக்டர் சொன்னது அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. "கால் தப்பிச்சிருச்சு துரை" என்று மட்டும் சொல்லிவிடலாம். வேலை தப்பும். கேடயம் தப்பும். மானம் தப்பும்.

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

நாகலெட்சுமி முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் அழகுமுத்துவின் காலுக்கு மூக்கைச் சுளிக்காமல் கட்டுப் போட்டவள் அவள். சின்னராசாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரிசீவரை வைத்தார்.

"துரை... கள்ளன் யாருன்னு தெரிஞ்சிருச்சு."

"யாரு?"

"தினமும் காலைல ஆறரைக்கு இந்த ஜன்னல் வழியா வருவான். ரெண்டு மாசமா வந்தான். கால் தடம் இல்ல, கைரேகை இல்ல. கொஞ்சம் கொஞ்சமா மருந்தக் குடிச்சிட்டுத் தண்ணிய விட்டுட்டுப் போயிட்டான்."

"பேரு?"

சின்னராசா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மலைக்கு மேல் சூரியன் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

"அவன்தான் துரை. வெளிச்சம் பட்டா இந்த மருந்து தண்ணியாயிரும். இருட்டுல கெடந்ததால நாகலெட்சுமி வீட்டுல இருந்தது நல்லாருக்கு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. தகரத்தக் கழட்டி அவன உள்ள விட்டவன் நான். போத்தல மாத்துனவன் நான். அழகுமுத்து காலக் கெடுத்தவனும் நான்தான்."

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். கறுத்த விரல். கறுத்த மூக்கு.

"டிஸ்பென்சர்... நீ கள்ளனா, மடையனா?"

"ரெண்டாவது, துரை."

"சந்தேகம் இல்லையா?"

"மூக்கே சாட்சி, துரை."

துரை பல்லைக் கடித்தார். கோபமா, சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் வந்து நின்ற பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் சின்னராசாவின் மூக்கைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

தண்டனை அன்றே வந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. கேடயம் ஆபீசுக்குத் திரும்பிப் போனது. மறுநாள் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் நாகலெட்சுமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகு கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போய் அழகுமுத்துவின் கட்டிலடியில் நின்றும் கேட்க வேண்டும்.

கேட்டார். இரண்டு இடத்திலும் குரல் உடைந்துதான் கேட்டார். அழகுமுத்து முகட்டைப் பார்த்தபடி, "கால் இருக்குல்ல, போங்கய்யா," என்றான். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று சின்னராசாவுக்குத் தோன்றியது.

பின்னேரம் டிஸ்பென்சரிக்குத் திரும்பினார். உள்ளே கால் வைத்ததும் மேசையில் இடித்துக்கொண்டார். ஒரே இருட்டு!

"நாகலெட்சுமி! ஜன்னலுக்கு என்னாச்சு?"

"ஒட்டிட்டேங்கய்யா!"

கோதுமை மாப் பசை வாளியோடு அவள் நின்றாள். கண்ணாடி முழுவதும், மூலை முடுக்கு விடாமல், தாள் மேல் தாளாக ஒட்டியிருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

சின்னராசா கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துப்பாக்கி. கத்தி. இரத்தம் சொட்டும் எழுத்துகள்...

அவருடைய நாவல்கள்!

"அடிப்பாவி! இருபது வருஷச் சேமிப்பு! அதுலயும் அந்தக் கோடீஸ்வரன் கதை... எழுபத்தொன்பதாம் பக்கத்துல நிக்குது! கொன்னவன் யாருன்னே எனக்குத் தெரியாதே!"

நாகலெட்சுமி பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"ஒட்டயில கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டேங்கய்யா. அந்த வீட்டு டாக்டருதான்... கதை பூரா ஊருல உள்ளவங்களையெல்லாம் சந்தேகப்பட்டுக்கிட்டே திரிஞ்சாராமுல்ல, அதே ஆளு!"